வான்கம்பியும் வானமும்: சிற்றலை நேயர்களின் நூறாண்டு

சிற்றலை வானொலி என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில், அதாவது ஏறத்தாழ 100 மீட்டர் முதல் 10 மீட்டர் வரையிலான அலைநீளங்களில் நிகழும் ஒலிபரப்பைக் குறிக்கும். இவ்வலைகள் வளிமண்டலத்தின் உச்சியில் மின்னூட்டம் பெற்ற அடுக்குகளில் பட்டு வளைந்து மீண்டும் பூமிக்கு இறங்குவதால் கடல்களையும் கண்டங்களையும் கடக்க வல்லவை. ஆயினும் அவ்வளவு தொலைவு கடந்து வந்து சேரும் அலை மிக நலிந்ததாகவே இருக்கும். பெருஞ்செலவில் ஒலிபரப்பியதோடு நிலையத்தின் வேலை முடிந்தது. நலிந்த அலையைப் பிடித்து வீட்டுக்குள் தெளிவான குரலாக மாற்றும் வேலை நேயரைச் சார்ந்தது. அவ்வேலையைப் பொழுதுபோக்காகவும் கலையாகவும் ஏற்றுக்கொண்டவர்களின் நூறாண்டு வரலாற்றை ஆராய்ந்தால், முதலில் வானொலிப் பெட்டியின் பலவீனமும், அடுத்து வானத்தின் நிலையாமையும், இறுதியில் வீட்டுக்குள்ளேயே எழும் மின்னிரைச்சலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகளாக நின்றதையும், அவை ஒவ்வொன்றுக்கும் விடை தேடிய நேயர் திரும்பத் திரும்ப வான்கம்பியிடமே வந்து சேர்ந்ததையும் காணலாம்.

சிற்றலையின் பயனை முதலில் உணர்ந்தவர்கள் அமெச்சூர்கள் எனப்படும் ஆர்வலர்களே. அமெரிக்காவில் 1912-இல் இயற்றப்பட்ட வானொலிச் சட்டம், நெடுந்தொலைவுக்கு நீண்ட அலைகளே உகந்தவை என்ற அக்கால நம்பிக்கையை ஒட்டி, பயனற்றவை எனக் கருதப்பட்ட 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைகளை ஆர்வலர்களுக்கு ஒதுக்கியது. 1921 டிசம்பரில் அமெரிக்க ஆர்வலர் சங்கம் பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆர்ட்ராசனுக்கு அனுப்பியது. அவர் கடலோர வயலில் கூடாரமடித்துத் தங்கி, ஹெரால்ட் பெவரேஜ் வடிவமைத்திருந்த முறைப்படி, நிலத்திலிருந்து சிறிது உயரத்தில் பல நூறு அடி நீளத்துக்கு ஒரே கம்பியை இழுத்துக் கட்டி, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் அலையில் வந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆர்வலர் நிலையங்களின் தந்திக் குறிகளைக் கேட்டுப் பதிவுசெய்தார். தான் நீளும் திசையிலிருந்து வரும் அலையை வாங்கிக்கொண்டு, பிற திசைகளின் இரைச்சலைப் பெரிதும் தவிர்ப்பதே பெவரேஜ் கம்பியின் சிறப்பு. 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லெயோன் டெலுவாவும் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டிலிருந்த ஃபிரெட் ஷ்னெல்லும் ஏறத்தாழ 110 மீட்டரில் இருவழியாகத் தொடர்புகொண்டபோது, குறுகிய அலைகளும் நெடுந்தொலைவு செல்லும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது.

அக்காலத்து வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வால்வுகளால் ஆனவை. வால்விலிருந்து வெளிவரும் அலையின் ஒரு பகுதியைத் திருப்பி அதே வால்வுக்குள் செலுத்தி வலுவைப் பன்மடங்காக்கும் மீளூட்டு முறையை எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1912-இல் கண்டறிந்திருந்தார்; குறைந்த செலவில் மிக்க உணர்திறனைத் தந்த இம்முறை, குமிழைச் சற்று மிகுதியாகத் திருப்பினாலும் பெட்டியே ஊளையிட்டு அக்கம்பக்கத்து வானொலிகளையும் கெடுக்கும் குறையுடையதாக இருந்தது. அவரே 1918-இல் உருவாக்கிய சூப்பர்ஹெட்டரோடைன் முறை, எந்த நிலையத்தின் அலையாயினும் அதைப் பெட்டிக்குள் ஒரே இடைநிலை அதிர்வெண்ணாக மாற்றி, அந்த ஓர் அதிர்வெண்ணுக்கென்றே செம்மையாக்கப்பட்ட சுற்றுகளின் வழியே பெருக்குவதால், அருகருகே நெருங்கி நிற்கும் நிலையங்களைப் பிரித்துக் கேட்கும் திறனைத் தந்தது. 1930களில் இம்முறை வீட்டுப் பெட்டிகளில் பரவிய பின்னர், பெட்டி போதாது என்ற குறை படிப்படியாகக் குறைந்தது.

பெட்டிகள் தேறிய அதே காலத்தில் நிலையங்களும் பெருகின. ஹாலந்தின் ஐந்தோவன் நகரிலிருந்து ஃபிலிப்ஸ் நிறுவனம் 1927-இல் தொடங்கிய சிற்றலை ஒலிபரப்பு, பின்னாளில் இந்தோனேசியாவான டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் வரை கேட்டது. 1929-இல் மாஸ்கோ வானொலியும், 1931-இல் வத்திக்கான் வானொலியும், 1932 டிசம்பரில் டாவென்ட்ரியிலிருந்து பிபிசியின் பேரரசுச் சேவையும் தொடங்கின. கேட்பதற்கு உலகமே திறந்து கிடந்த அந்தப் பத்தாண்டில்தான் வீட்டு வான்கம்பி பற்றிய ஆழ்ந்த சிந்தனை எழுந்தது. நகர்ப்புறத்து மின்மோட்டார்களும் டிராம் வண்டிகளும் எழுப்பிய இரைச்சல், வான்கம்பியைக் காட்டிலும் அதிலிருந்து சுவர் வழியாகப் பெட்டிக்கு இறங்கும் இணைப்புக் கம்பியிலேயே மிகுதியாகப் புகுகிறது என்பதை அமெரிக்கப் பொறியாளர்கள் கண்டு, வான்கம்பியைக் கூரைக்கு மேல் உயர்த்திவிட்டு, இறங்குகம்பியை இரண்டு இழைகளாக முறுக்கி, இரு இழைகளிலும் சமமாகப் புகும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி அமைத்தனர். ஆர்சிஏ முதலிய நிறுவனங்கள் இத்தகைய இரைச்சல் குறைக்கும் வான்கம்பிகளைத் தொகுப்பாகவே விற்றன. ‘இரைச்சல் இல்லாத இடத்தில் அலையை வாங்கு, இரைச்சல் புகாத வழியில் அதைக் கொண்டுவா’ என்று சுருக்கிச் சொல்லத்தக்க இக்கோட்பாடு இன்றும் மாறவில்லை.

இரண்டாம் தடையான வானத்தை அறிவியல் மெல்ல மெல்லவே விளக்கியது. வளிமண்டலத்தின் மேலே மின்னூட்ட அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று 1902-இல் ஆர்தர் கென்னல்லியும் ஆலிவர் ஹெவிசைடும் தனித்தனியே கருதினர். 1924-இல் எட்வர்டு ஆப்பிள்டன் அதனைச் சோதனையால் நிறுவி, அப்பணிக்காக 1947-இல் நோபல் பரிசு பெற்றார். அயனி மண்டலம் எனப் பெயர் பெற்ற இவ்வடுக்குகள் சூரிய ஒளியால் உருவாவதால், பகலில் 13, 16, 19 மீட்டர் போன்ற குறுகிய அலைவரிசைகளும், இரவில் 41, 49 மீட்டர் போன்ற நீண்ட அலைவரிசைகளும் நன்கு எடுபடும். சூரியக் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதற்கேற்ப அலைவரிசைகளும் செழித்தும் வாடியும் மாறும். பதிவுகள் தொடங்கிய காலம் முதல் அதுவரை காணாத அளவுக்குக் கரும்புள்ளிகள் பெருகிய 1957, 1958 ஆகிய ஆண்டுகளில், சிறிய பெட்டியும் எளிய கம்பியும் கொண்டே நெடுந்தொலைவு நிலையங்களைக் கேட்க முடிந்தது. நேரமும் பருவமும் அறிந்து அலைவரிசையைத் தேர்ந்த நேயர், விலையுயர்ந்த பெட்டி வைத்திருந்தும் அவற்றை அறியாதவரைவிட மிகுதியாகக் கேட்டார்.

இந்த வானியல் தொடர்பில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சூரியக் கரும்புள்ளிகளை ஒளிப்படமெடுத்து வருவதோடு, 1950களில் அயனி மண்டலத்தின் உயரத்தை ரேடியோத் துடிப்புகளால் அளக்கும் பணியையும் மேற்கொண்டது. பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக அமையும் கோடாகிய காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், இப்பகுதியில் சூரியன் மறைந்த பின் அயனி மண்டலத்தில் ஒழுங்கற்ற திட்டுகள் தோன்றுவதும், அவற்றின் வழியே வரும் குரல் படபடத்து நடுங்குவதும் இயல்பு. பெட்டி பழுதாகிவிட்டதென நேயர் ஐயுறும் அளவுக்குக் குரலைச் சிதைக்கக்கூடிய இந்த அந்திநேரத் தடுமாற்றத்துக்குக் காரணம் தலைக்கு மேல் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது.

தென்னிந்தியாவில் சிற்றலையைக் கேட்கும் வழக்கம் பரவியதற்கு அரசியலும் போரும் பண்பாடும் ஒருங்கே காரணமாயின. 1938-இல் தொடங்கிய சென்னை வானொலி நிலையம் சிற்றலையிலும் ஒலிபரப்பியது. 1941-இல் லண்டனிலிருந்து பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசிய நேசப் படைத் தலைமையகம் இலங்கையில் அமைந்ததையொட்டி, கொழும்புக்கு வடக்கேயுள்ள ஏக்கலையில் 100 கிலோவாட் ஆற்றலுள்ள சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போருக்குப் பின் அது இலங்கை வானொலியின் வசமாயிற்று. 1950-இல் அங்கே வர்த்தகச் சேவை தொடங்கியது. 1952-இல் இந்தியத் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரையிசை ஒதுக்கப்பட்டபோது, அதை விரும்பிய நேயர்கள் கூட்டங்கூட்டமாகக் கொழும்பை நோக்கி முள்ளைத் திருப்பினர். இலங்கை வானொலி அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் அறிமுகமானதும் இவ்வழியேதான். இப்போட்டிக்கு விடையாக 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியின் விவித்பாரதி சேவை தொடங்கப்பட்டது.

கொழும்பைத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற விருப்பமே தமிழ் வீடுகளில் வான்கம்பிக் கலையை வளர்த்தது. அக்கால வால்வு ரேடியோக்களின் பின்புறத்தில் ஏரியலுக்கும் எர்த்துக்கும் தனித்தனித் துளைகள் இருந்தன. மொட்டைமாடியில் இரண்டு மூங்கில் கழிகளை நட்டு, பீங்கான் குமிழ்களுக்கிடையே செப்புக் கம்பியைக் கட்டி, அதிலிருந்து ஒரு வயரைச் சன்னல் வழியே இறக்குவது ஒரு முறை. இடவசதி இல்லாதவர்கள் கடைகளில் கிடைத்த செப்பு வலைநாடாவை அறையின் குறுக்கே கட்டினர். எர்த்துக்காக ஈரமண்ணில் ஒரு குழாயைப் புதைத்து வயரால் இணைத்தனர். வெளிக்கம்பி இடி மின்னலையும் ஈர்க்கக்கூடியதாதலால், மழைக்காலத்தில் ஏரியலைப் பெட்டியிலிருந்து கழற்றி எர்த்தோடு இணைத்துவிடும் வழக்கமும் உண்டாயிற்று. அலை எவ்வளவு வலுவாக வருகிறது என்பதைப் பச்சை ஒளியின் விரிவால் காட்டிய ‘மாயக்கண்’ வால்வு, கம்பியின் திசையையும் நீளத்தையும் மாற்றிப் பார்த்தவர்களுக்கு எளிய அளவுகோலாகப் பயன்பட்டது.

இதே காலத்தில் உலகெங்கும் கேட்டலைப் பதிவுசெய்யும் மரபும் உறுதிப்பட்டது. நேயர் தாம் கேட்ட நாள், நேரம், அதிர்வெண், நிகழ்ச்சி விவரங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார். நிலையம் அதைச் சரிபார்த்து கியூஎஸ்எல் எனப்படும் உறுதிப்படுத்தும் அட்டையை அனுப்பும். அலையின் வலு, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை பரவலின் சீர்கேடு, மொத்தத் தரம் ஆகிய ஐந்தையும் 1 முதல் 5 வரையிலான எண்களால் குறிக்கும் சின்போ முறை, மொழி வேறுபாடின்றி இவ்வறிக்கைகளுக்குப் பொதுவாயிற்று. 1947 முதல் டென்மார்க்கில் வெளிவரத் தொடங்கிய உலக வானொலிக் கையேடு அதிர்வெண்களைத் தேட உதவியது. இவ்வறிக்கைகள் வெறும் அட்டை சேகரிப்புக்கான சாக்காக மட்டும் இருக்கவில்லை; அயல்நாட்டில் தம் குரல் எப்படிச் சென்று சேர்கிறது என்பதை அறிய நிலையங்கள் அவற்றைப் பெரிதும் நம்பியிருந்தன.

டிரான்சிஸ்டரின் வரவு நேயரின் பழக்கத்தை மாற்றியது. கையடக்கப் பெட்டியின் இழுத்து நீட்டும் கம்பியே போதுமென ஆகும்படி 250, 500 கிலோவாட் ஒலிபரப்பிகளை நாடுகள் நிறுவின. 1980-இல் வந்த சோனியின் ஐசிஎஃப்-2001 அதிர்வெண்ணை எண்பலகையில் தட்டியே நிலையத்தை எட்டச் செய்தது. 1985-இல் வந்த அதன் அடுத்த வடிவம், ஏறி இறங்கிச் சிதையும் அலைக்குத் துணையாகப் பெட்டிக்குள்ளேயே ஒரு நிலையான அலையை உருவாக்கிக் குரலை மீட்கும் ஒத்திசைவுப் பிரிப்பு முறையைச் சாதாரண நேயருக்கும் கிடைக்கச் செய்தது. ஆனால் இப்பெட்டிகளோடு பழைய நெடுங்கம்பியை அப்படியே இணைத்தவர்கள், வலுவான அலைகள் பெட்டியைத் திணறடித்து நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்பதைக் கண்டனர். நீளமான கம்பியைக் காட்டிலும் பெட்டிக்குப் பொருந்தும் கம்பியே சிறந்தது என்பது அந்தத் தலைமுறை கற்ற பாடமாகும்.

மூன்றாம் தடை இன்றைய வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்இடி விளக்குகள், செல்பேசிச் சார்ஜர்கள், கணினிகள், சூரிய மின்தகட்டு இன்வெர்ட்டர்கள் ஆகியவற்றிலுள்ள மின்மாற்றுச் சுற்றுகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை முடுக்கி நிறுத்துவதால் எழும் இரைச்சல், வீட்டு வயரிங் முழுவதும் பரவிச் சிற்றலையை மூடிவிடுகிறது. இதற்கான பரிகாரங்கள் 1930களின் கோட்பாட்டையே பின்பற்றுகின்றன. வீட்டிலிருந்து இயன்ற அளவு விலகிய இடத்தில் வான்கம்பியைக் கட்டுவதும், அதன் அடியில் சிறு மின்மாற்றி ஒன்றை வைத்து வீட்டு மின்னிணைப்போடு தொடர்பறுப்பதும், உறையிட்ட கோஆக்ஸியல் கேபிள் வழியே அலையைக் கொண்டுவருவதும், அக்கேபிளின் வெளியுறை மீது ஏறிவரும் இரைச்சலை ஃபெரைட் வளையங்களால் தடுப்பதும், வான்கம்பிக்கு வீட்டு எர்த்தைத் தவிர்த்துத் தனி எர்த் அமைப்பதும் அவற்றுள் முதன்மையானவை. மாடியோ தோட்டமோ இல்லாத அடுக்ககங்களில், ஏறத்தாழ ஒரு மீட்டர் குறுக்களவுள்ள வளைய வான்கம்பியைச் சுழற்றி, இரைச்சல் வரும் திசை அதன் செவிட்டுப் பக்கத்தில் விழும்படி வைத்துப் பெரும் பயன் காணலாம்.

நிலையங்கள் குறைந்துவிட்டன என்பது உண்மையே. நெதர்லாந்து வானொலி 2012-இலும், ஆஸ்திரேலிய வானொலியும் பிபிசி தமிழோசையும் 2017-இலும் சிற்றலையை விட்டு நீங்கின. ஆயினும் சிற்றலை முற்றிலும் மௌனமாகிவிடவில்லை. எஞ்சியுள்ள நிலையங்களை, கேபிளோ கோபுரமோ இடையில் எந்த நிறுவனமோ இன்றி, நேரடியாக வானத்திலிருந்து பெறும் வாய்ப்பு இன்றும் எவருக்கும் உண்டு. புதிய பெட்டி வாங்கும் முன் பழைய பெட்டியைப் பேட்டரியில் இயக்கி, வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்திப் பார்த்து, இரைச்சலின் மூலத்தைக் கண்டறிந்து, பத்து மீட்டர் கம்பியை வெளியே கட்டிப் பார்ப்பதே இவ்வரலாறு நேயருக்குச் சொல்லும் அறிவுரை. நூறாண்டுகளில் பெட்டிகள் பலமுறை மாறின. நல்ல இடத்தில் நன்றாகக் கட்டப்பட்ட கம்பியின் மதிப்பு ஒருமுறையும் குறையவில்லை.