காளை, சேவல், தொப்பை: ஓர் ஊசியின் வரலாறு

காயடிச்ச மாடு எப்படி மாறும்னு எங்க ஊர்ப்பக்கம் யாரும் புத்தகம் பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருது விடும் விழாவில் ஓடுற காளை ஒரு ரகம். ஏரிலும் வண்டியிலும் பூட்டுற காயடிச்ச மாடு இன்னொரு ரகம். விரை போனா முரட்டுத்தனம் போகும், திமில் சுருங்கும், சொன்ன பேச்சு கேட்கும். ஓசூர் மத்திகிரியில் இருக்கிற கால்நடைப் பண்ணை 1824-ல், கம்பெனி ராணுவத்தின் குதிரைகளுக்காக ஆரம்பிச்சது. அந்தக் காலத்துல அங்கே வேலை பார்த்த எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கும். ஆனா ஏன் அப்படி ஆகுதுங்கறது மட்டும் உலகத்துல யாருக்கும் தெரியாது.

இந்தப் பதிவு மாட்டைப் பற்றி இல்லைங்க, நாற்பதைத் தாண்டிய நம்ம அண்ணன்களைப் பற்றி. களைப்பு, தொப்பை, "அந்த" விஷயத்தில் ஆர்வக்குறைவு. ரத்தம் கொடுத்துப் பார்த்தா டெஸ்டோஸ்டிரோன் கம்மி. ஊசி போட்டுக்கலாமா, இல்லை முதல்ல எடையைக் குறைக்கணுமா? கேள்வி புதுசு மாதிரி தெரியும். ஆனா இதுக்குப் பின்னாடி 170 வருஷத்துக்கும் மேலான கதை இருக்கு.

1849. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரம். அர்னால்ட் பெர்தோல்ட் என்ற பேராசிரியர் சேவல் குஞ்சுகளுக்கு விரையை எடுத்தார். கொண்டை வளரலை, கூவலை, சண்டை போடலை. அப்புறம் சிலதுக்கு விரையை வயித்துக்குள்ள சும்மா வெச்சுத் தைச்சார். நரம்புத் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் சேவல் பழையபடி சேவல் ஆயிடுச்சு! அப்படின்னா ஏதோ ஒண்ணு ரத்தத்தில் கலந்து போய் வேலை செய்யுது. ஹார்மோன் என்ற வார்த்தையே பிறக்காத காலம் அது.

அடுத்தவர் தன் உடம்பையே சோதனைக்கூடம் ஆக்கினார். 1889, பாரிஸ். பிரவுன்-செக்கார்ட், வயசு 72, பெரிய நரம்பியல் விஞ்ஞானி. நாய், கினிப் பன்றி இவற்றின் விரைச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கிட்டு, உடம்பில் தெம்பு வந்துடுச்சு, மூளை சுறுசுறுப்பாயிடுச்சுன்னு சபையில் அறிவிச்சார். அதுக்கப்புறம் ஊரெல்லாம் இதே ஊசி. பிற்காலத்தில் அவர் சொன்ன அதே முறையில் சாறு எடுத்துப் பார்த்தாங்க. அதில் இருந்த டெஸ்டோஸ்டிரோன் உடம்பில் எந்த மாற்றமும் செய்யப் போதாத அளவு. தெம்பு எங்கே இருந்து வந்தது? நம்பிக்கையில் இருந்துதான். இந்த ஊசியின் வரலாறு தொடங்கியதே நம்பிக்கையில்தான் என்பதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

1920-களில் இது பெரிய மோகம் ஆச்சு. வோரோனாஃப் என்பவர் குரங்கு விரைத் துண்டுகளைப் பணக்காரக் கிழவர்களுக்கு ஒட்டுப் போட்டார். ஸ்டைனாக் என்பவர் விந்துக்குழாயைக் கட்டினா இளமை திரும்பும்னு சொன்னார். 1923-ல் சிக்மண்ட் பிராய்ட் அதைச் செய்துகிட்டார். 1934-ல் கவிஞர் யேட்ஸ் கிட்டத்தட்ட அதே அறுவை சிகிச்சையைச் செய்துகிட்டார். நம்ம புரோகித் சுவாமியோடு சேர்ந்து உபநிஷதங்களை ஆங்கிலத்தில் தந்தாரே, அதே யேட்ஸ். அறிவாளிக்கும் முதுமைன்னா பயம்தான் :)

உண்மையான பொருள் கையில் கிடைச்சது 1935-ல். ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் குழு காளை விரைகளில் இருந்து அதைப் பிரிச்சு, டெஸ்டோஸ்டிரோன்னு பேர் வெச்சாங்க. அதே வருஷம் பூட்டனண்ட், ருஸிக்கா இருவரும் தனித்தனியா கொலஸ்ட்ராலில் இருந்து அதைச் செயற்கையா தயாரிச்சாங்க. 1939-ல் ரெண்டு பேருக்கும் நோபல். மறுபடியும் காளைதான் பாருங்க, ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துட்டோம்.

மருந்து கிடைச்சாச்சு, அடுத்து நோயைத் தேடணும் இல்லையா? விரை பழுதானவங்க, பிட்யூட்டரி சுரப்பி கெட்டவங்க, பிறவிக் குறைபாடு உள்ளவங்களுக்கு இது நிஜமாவே வாழ்க்கை கொடுத்த மருந்து. அதில் சந்தேகமே இல்லை. ஆனா அவங்க எண்ணிக்கை குறைவு. 1945-ல் பால் டி க்ரூய்ஃப் என்ற எழுத்தாளர் ஆண் ஹார்மோனைப் புகழ்ந்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 2000-ல் அமெரிக்காவில் தோளில் தடவுற ஜெல் வந்தது. "உங்களுக்கும் குறைவா இருக்கலாம்"னு விளம்பரங்கள் வந்தன. விற்பனை எகிறிச்சு. கடைசியில 2015-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, வயசாவதால மட்டும் குறையுற டெஸ்டோஸ்டிரோனுக்கு இந்த மருந்து பயன் தரும், பாதுகாப்பானதுன்னு நிறுவப்படலைன்னு சொல்லி, மருந்துச் சீட்டிலேயே அதைப் போட வைத்தது.

சரி, நடுவயசில் அது ஏன் குறையுது? ஐரோப்பாவில் 40 முதல் 79 வயசு வரை 3,369 ஆண்களை ஆராய்ந்தாங்க. 2010-ல் முடிவு வந்தது. அறிகுறிகளும் இருந்து, ரத்தத்திலும் குறைவா இருந்தவங்க வெறும் 2.1 சதவீதம். வயசை விட இடுப்புச் சுற்றளவுதான் பெரிய வில்லன்னும் அந்த ஆய்வுகள் காட்டின.

காரணம் ஒரு சுழற்சி. பொட்டி தட்டுற நண்பர்களுக்கு ஃபீட்பேக் லூப்னு சொன்னா புரியும். வயித்துக் கொழுப்பில் அரோமட்டேஸ் என்ற நொதி இருக்கு. அது டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ரோஜனா மாத்துது. இன்சுலின் சரியா வேலை செய்யாதபோது, ரத்தத்தில் இந்த ஹார்மோனைச் சுமக்கிற புரதம் குறையுது. மூளையில் இருந்து விரைக்குப் போற உத்தரவும் மந்தமாகுது. ஹார்மோன் குறைஞ்சா தசை குறையும், கொழுப்பு கூடும். கொழுப்பு கூடினா ஹார்மோன் இன்னும் குறையும்.

இதில் ஆச்சரியம், சரக சம்ஹிதையில் அதிக பருமனுக்கு எட்டுக் குறைகள் சொல்லியிருக்கு. ஆயுள் குறைவு, களைப்பு, வியர்வை, அதிகப் பசி வரிசையில் தாம்பத்தியத்தில் சிரமமும் ஒண்ணு. அதே நூலில் வாஜீகரணம்னு ஆண்மை மருந்துகளுக்குத் தனிப் பகுதியும் இருக்கு. வெளியே இருந்து சேர்ப்பதா, உள்ளே இருக்கிற கொழுப்பைக் குறைப்பதா என்ற ரெண்டு வழியும் அப்பவே இருந்திருக்கு. லாட்ஜில் முகாம் போடுற வைத்தியர்கள் முதல் வழியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க, அதுதானே விக்கும்!

இப்ப எண்களுக்கு வருவோம். 2013-ல் கொரோனா என்ற இத்தாலிய மருத்துவர் (வைரஸுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை) பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு சராசரியா சுமார் 80 நானோகிராம் கூடுச்சு. இரைப்பை அறுவை சிகிச்சையில் நிறைய எடை குறைத்தவங்களுக்கு சுமார் 250. சாதாரண அளவின் கீழ் எல்லையே 300 பக்கம்தான் என்றால் இது எவ்வளவு பெரிய ஏற்றம்னு பாருங்க. ஊசி இல்லாம, உடம்பே தயாரிச்சது.

ஊசிக்கும் நியாயம் செய்யணும். ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயசு, இடுப்பு 95 சென்டிமீட்டருக்கு மேல், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த அல்லது அப்பத்தான் நோய் கண்டறியப்பட்ட 1,007 ஆண்களை எடுத்தாங்க. எல்லாருக்கும் எடைக்குறைப்புத் திட்டம். பாதிப் பேருக்குக் கூடவே டெஸ்டோஸ்டிரோன் ஊசி, மீதிக்கு வெத்து ஊசி. 2021-ல் வந்த முடிவு: ரெண்டு வருஷத்தில் சர்க்கரை நோய் நிலையில் இருந்தவங்க வெத்து ஊசியில் 21 சதவீதம், நிஜ ஊசியில் 12. ஊசி உதவியது உண்மை. ஆனா அஞ்சில் ஒருத்தருக்கு மேல் ரத்தம் ஆபத்தான அளவுக்குக் கெட்டியாச்சு. ஊசியை நிறுத்தினதும், உடம்பு தன் சொந்தத் தயாரிப்புக்குத் திரும்ப சுமார் ஒரு வருஷம் பிடிச்சது. 2023-ல் 5,200 பேருக்கு மேல் பங்கெடுத்த இன்னொரு பெரிய ஆய்வில், மாரடைப்பு பயம் அளவுக்கு அதிகம்னு தெரிஞ்சது; ஆனா இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக் கட்டியும் கொஞ்சம் கூடுதலா இருந்தது.

யாரும் சத்தமா சொல்லாத விஷயம் இன்னொண்ணு. 1990-ல் உலக சுகாதார நிறுவனம் இதே டெஸ்டோஸ்டிரோனை வாராவாரம் ஊசியா போட்டு சோதிச்சது எதுக்குத் தெரியுமா? ஆண்களுக்கான கருத்தடைக்கு! வெளியே இருந்து ஹார்மோன் வந்தா, மூளை "சரக்கு நிறைய இருக்கு"ன்னு நினைச்சு விரைக்கு உத்தரவை நிறுத்திடும். விந்தணு பூஜ்யம் வரை போகும்.

சிப்காட்டில் ஷிப்ட் சூப்பர்வைசரா இருக்கிற ஒரு அண்ணனுக்கு 41 வயசு. எல்லை தாண்டிப் போய் ஒரு கிளினிக்கில் காட்டினார். சாயங்காலம் எடுத்த ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வெச்சு ஊசி எழுதிட்டாங்க. காலையில் வெறும் வயித்தில், வேறு வேறு நாளில் ரெண்டு தடவை பார்க்கணும் என்பதுதான் முறை. அதை விடக் கொடுமை, ரெண்டாவது குழந்தைக்கு முயற்சி பண்றீங்களான்னு யாரும் கேட்கவே இல்லை. பண்ணிக்கிட்டு இருந்தாங்க. நல்லவேளை, ஊசி போடும் முன்னாடி எங்கிட்ட பேசினார். ஹார்மோன் டாக்டரைப் பாருங்கண்ணான்னு அனுப்பி வெச்சேன்.

"நான் ஒண்ணும் குண்டு இல்லையே"ன்னு அவர் கேட்டதும் நியாயம்தான். 2004-ல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனே டாக்டர் யாக்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2! நம்ம உடம்பு கை கால் ஒல்லியா இருந்தாலும் வயித்தில் சேர்த்து வைக்கிற ரகம். அதனால ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர் தாண்டினாலே மணி அடிக்கணும். 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம்.

நல்ல செய்தியும் நம்ம ஊர்ல இருந்தே வந்தது. சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழு, தொழிற்சாலைகளிலும் நிறுவனங்களிலும் வேலை பார்க்கிற, சர்க்கரை விளிம்பில் இருந்த 537 ஆண்களை எடுத்து, பாதிப் பேருக்கு சாப்பாடு, நடை பற்றி அடிக்கடி எஸ்.எம்.எஸ். அனுப்பினாங்க. அவ்வளவுதான். ரெண்டு வருஷத்தில் நோய் வந்தது 18 சதவீதம், எஸ்.எம்.எஸ். இல்லாதவங்களுக்கு 27. வயசு 35 முதல் 55. அப்படியே நம்ம ஓசூர் ஷிப்ட் ஆள்தான்!

நைட் ஷிப்ட், கேன்டீன் பரோட்டா, கம்பெனி பஸ்ஸில் தூக்கம், இதையெல்லாம் வெச்சுக்கிட்டு எடை குறைன்னு சொல்றது சுலபம், செய்றது கஷ்டம். அது தெரிஞ்சுதான் சொல்றேன். ஊசி கெட்டதுன்னு நான் சொல்லலை, வரிசை முக்கியம். சுரப்பி பழுதுன்னா ஊசிதான் மருந்து, தள்ளிப் போடாதீங்க. தொப்பைதான் காரணம்னா, ஊசி என்பது ஓட்டை விழுந்த தொட்டிக்கு மேல குழாயைத் திறந்து விடுற வேலை. முதல்ல ஓட்டையை அடைங்க. அதுக்கப்புறமும் தண்ணி நிக்கலைன்னா குழாயைப் பற்றிப் பேசலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, ஆணி பிடுங்குறவன். இதை வெச்சு யாரும் போட்டுக்கிட்டு இருக்கிற ஊசியைத் தானா நிறுத்திடாதீங்க. டாக்டர்கிட்ட ரெண்டு கேள்வி மட்டும் கேளுங்க: "எனக்கு ஏன் குறைஞ்சிருக்கு?", "இதைப் போட்டா குழந்தை பிறக்குமா?"