பணியிடத்தில் இணையத் துஷ்பிரயோகமும் எழுதப்படாத விதிகளும்

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் உழைப்பு எவ்வாறு அளக்கப்படுகின்றது என்பதைக் கொட்டகலை மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் பதிந்து மலைக்கு ஏறும் பெண், மாலையில் நிறுக்கும் கொழுந்து குறித்த கிலோவுக்குக் குறைந்துவிட்டால் அவருக்கு விழுவது அரைப் பேர். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் தராசில் கழிக்கப்படுவது வேறு கதை. அதே லயத்தில் பிறந்து, உயர்தரம் சித்தியடைந்து, ஹட்டனிலோ கொழும்பிலோ ஓர் அலுவலகத்தில் கணினி முன் அமர்ந்திருக்கும் அவரது மகனுக்கோ மகளுக்கோ அப்படியொரு தராசு இல்லை. எட்டு மணித்தியாலத்தில் எவ்வளவு நேரம் நிறுவனத்தின் வேலைக்குச் சென்றது, எவ்வளவு நேரம் முகநூலுக்கும் கிரிக்கெட் ஓட்ட விபரத்துக்கும் சென்றது என்பதை அருகில் இருப்பவராலும் கூற இயலாது. அலுவலக நேரத்தில் ஊழியர் இணையத்தைத் துஷ்பிரயோகம் செய்கின்றனர் என்ற முறைப்பாடு இங்கிருந்துதான் எழுகின்றது.

முறைப்பாட்டில் உண்மை இல்லாமலில்லை. அமெரிக்காவின் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவில் ஐந்தாண்டு காலத்தில் 33 பேர் அலுவலகக் கணினியில் ஆபாசப் படங்களைப் பார்த்தமை விசாரணைக்குட்பட்டதாக 2010 இல் வெளிவந்த தகவல் உலகை வியக்க வைத்தது. வாஷிங்டன் தலைமையகத்தின் சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவர் சில நாட்களில் எட்டு மணித்தியாலம் வரை இதற்கே செலவிட்டார். கணினியில் இடம் போதாமல் இறுவட்டுகளில் பதிந்து பெட்டிகளில் அடுக்கி அலுவலகத்திலேயே வைத்திருந்தார். அமெரிக்க நிதிச் சந்தை சரிந்துகொண்டிருந்த காலத்தில் அச்சந்தையைக் கண்காணிக்க வேண்டிய நிறுவனத்தில் நடந்தது இது. விசாரிக்கப்பட்டோரில் 17 பேர் உயர்சம்பளம் பெறும் மேல்நிலை அதிகாரிகள் என்பதும் கவனிக்கத்தக்கது. இணையத் துஷ்பிரயோகம் என்றவுடன் இளம் எழுதுவினைஞரையே நினைக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. இந்தியாவின் கர்நாடக சட்டசபையில் கையடக்கத் தொலைபேசியில் ஆபாசக் காட்சி பார்த்த விவகாரத்தில் 2012 பெப்ரவரியில் பதவி விலகியவர்களும் எழுதுவினைஞர்கள் அல்லர்; மூன்று அமைச்சர்கள்.

எல்லாத் துஷ்பிரயோகமும் இவ்வளவு அருவருப்பானதுமன்று. ஜப்பானிய விவசாய அமைச்சு 2007 ஒக்டோபரில் தனது அதிகாரிகள் ஆறு பேரைக் கண்டித்தது. அலுவலக நேரத்தில் விக்கிபீடியாக் கட்டுரைகளைத் திருத்தியதே குற்றம். அவர்களில் ஒருவர் ரோபோ கார்ட்டூன் தொடரொன்றைப் பற்றிய பக்கங்களில் மாத்திரம் 260 திருத்தங்கள் செய்திருந்தார். விவசாய அமைச்சுக்கும் ரோபோவுக்கும் என்ன தொடர்பு என்று அமைச்சே கேட்க வேண்டியதாயிற்று.

ஆயினும் ஊழியர் ஏன் இவ்வாறு செய்கின்றனர் என்ற வினாவுக்குச் சோம்பல் என்ற ஒற்றைச் சொல் விடையாகாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் விவியன் லிம் 2002 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. தமது நிறுவனம் தம்மை நியாயமாக நடத்தவில்லை என்று கருதும் ஊழியர்கள், மனத்துக்குள் ஒரு பற்றுவரவுக் கணக்கை வைத்திருக்கின்றனர் என்பது அவரது முடிவு. மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு இல்லை, செய்த வேலைக்கு ஒரு நல்ல சொல்லும் இல்லை. ஆகவே அரை மணி நேரம் இணையத்தில் கழித்தால் கணக்குச் சரியாகிவிடும் என்று அவர்கள் தமக்குத்தாமே நியாயம் கற்பித்துக்கொள்கின்றனர். இந்தக் கணக்கு மலையகத்துக்குப் புதியதன்று. தராசில் கழிக்கப்பட்ட கிலோவை மறுநாள் வேறு வழியில் ஈடுசெய்ய நினைக்கும் மனமும், ஊதியமின்றி மாலை ஏழு மணி வரை இருத்தி வைக்கப்பட்டதற்கு மறுநாள் காலையில் யூடியூப் பார்க்கும் மனமும் ஒன்றே. அதனால் செயல் சரியாகிவிடாது. என்றாலும் கணக்கின் மறுபக்கத்தைப் பார்க்க மறுக்கும் முகாமைத்துவம், தடைகளை மாத்திரம் விதித்துப் பயனடையப் போவதில்லை.

சிறிதளவு இணைய உலாவல் வேலைக்கு உதவுகின்றது என்றும் ஒரு கருத்து உண்டு. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் பிரென்ட் கோக்கர் 2009 இல் 300 ஊழியர்களை ஆராய்ந்து, வேலை நேரத்தில் ஐந்திலொரு பங்குக்குக் குறைவாகப் பொழுதுபோக்குக்காக இணையத்தைப் பார்ப்போர், அறவே பார்க்காதோரைவிட ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதலாக வேலை செய்கின்றனர் என்றார். ஐந்திலொரு பங்கு என்பது எட்டு மணித்தியால நாளில் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேல். எந்தத் தொழில்தருநரும் அதை மகிழ்ந்து ஏற்பார் என்று தோன்றவில்லை.

தொழில்தருநர்கள் நாடும் வழி கண்காணிப்பு. ஊழியர் திறக்கும் தளங்களையும் அனுப்பும் மின்னஞ்சல்களையும் பதிவுசெய்யும் மென்பொருள்கள் இன்று சிறு நிறுவனங்களுக்கும் எட்டும் விலையில் கிடைக்கின்றன. கண்காணிப்புக்கு எல்லை எது என்பதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ருமேனிய வழக்கொன்று. தலைநகர் புக்கரெஸ்டில் தனியார் நிறுவனமொன்றின் விற்பனைப் பொறுப்பிலிருந்த பொறியியலாளர், வாடிக்கையாளருக்குப் பதிலளிப்பதற்காக நிறுவனத்தின் வேண்டுகோளின்படி யாஹூ மெசெஞ்சர் கணக்கொன்றைத் திறந்திருந்தார். 2007 ஜூலையில் நிறுவனம் ஒரு வாரத்துக்கு மேல் அதனைக் கண்காணித்தது. சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தவில்லை என்று அவர் மறுத்தபோது, தமது சகோதரருடனும் திருமணம் செய்யவிருந்த பெண்ணுடனும் அவர் பகிர்ந்த அந்தரங்கச் செய்திகள் அடங்கிய 45 பக்கப் பிரதி அவர்முன் வைக்கப்பட்டது. 2007 ஓகஸ்ட் 1 ஆம் திகதி வேலை பறிபோனது.

சொந்தத் தேவைக்கு இணையத்தைப் பயன்படுத்தலாகாது என்ற விதி அந்நிறுவனத்தில் இருந்தது. அவர் அதை அறிந்துமிருந்தார். உள்நாட்டு நீதிமன்றங்களும், 2016 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் முதல் அமர்வும் நிறுவனத்தின் பக்கமே நின்றன. ஆனால் 2017 செப்டெம்பர் 5 ஆம் திகதி அந்நீதிமன்றத்தின் பேரமர்வு 11 க்கு 6 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பை மாற்றியது. தடை இருப்பதை அறிவிப்பது ஒன்று; உமது செய்திகளின் உள்ளடக்கத்தையே நாம் படிப்போம் என முற்கூட்டி அறிவிப்பது வேறொன்று. அந்த அறிவிப்பு அவருக்குத் தரப்படவில்லை. தொழில்தருநரின் கட்டளை எதுவாயினும், பணியிடத்தில் மனிதனின் தனிவாழ்வை அறவே இல்லாமற் செய்துவிட முடியாது என்பது பேரமர்வின் நிலைப்பாடு. கண்காணிக்கவே கூடாது என்று அது கூறவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இலங்கையில் இவ்வாறான பாதுகாப்பு எந்தளவில் உண்டு? எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியுரிமை ஓர் உரிமையாகத் தனித்து எழுதப்படவில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஊழியர் பற்றிய தரவுகளுக்கும் பொருந்தக்கூடியது. எனினும் அதன் முக்கிய ஏற்பாடுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நிலையில் பிற்போடப்பட்டன. ஊழியரைத் தண்டிக்கக்கூடிய சட்டமோ நீண்டகாலமாகவே நடைமுறையிலுள்ளது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதும், நம்பி ஒப்படைக்கப்பட்ட நுழைவு விபரங்களை அதிகாரமின்றி வெளியிடுவதும் குற்றங்களாகும். நண்பருக்கு உதவுவதாக எண்ணி அலுவலகக் கடவுச்சொல்லைக் கொடுக்கும் இளைஞர், முகநூல் பார்ப்பவரைவிடப் பன்மடங்கு ஆபத்தில் கால்வைக்கின்றார். இந்த வேறுபாட்டை அவருக்கு எடுத்துரைப்பவர் அரிது.

அரச ஊழியரின் நிலை இன்னும் இறுக்கமானது. தாபன விதிக்கோவையின் 47 ஆம் அத்தியாயத்தைச் சுட்டிக்காட்டி, சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவது ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உரியதாகலாம் என்று 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. நாடு பொருளாதார நெருக்கடியில் கொந்தளித்திருந்த காலம் அது. நேர விரயத்தைத் தடுப்பது ஒரு நோக்கம். வாயை அடைப்பது மற்றொரு நோக்கம். இரண்டுக்கும் ஒரே கயிற்றைப் பயன்படுத்துவதை எம்மால் ஏற்க இயலவில்லை. கொட்டகலை பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்று வெளியேறும் ஆசிரியர்களும் அரச சேவையில் இணையும் நாள் முதல் இந்த விதிக்கோவைக்கு உட்பட்டவர்களே.

தனியார் துறையில் பணிநீக்கம் செய்யப்பட்டவர், தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். பணிநீக்கம் நியாயமானது என நிரூபிக்கும் பொறுப்பு தொழில்தருநருடையது. அங்கே முதலில் எழக்கூடிய வினா, விதி எழுத்தில் இருந்ததா, ஊழியருக்கு அறிவிக்கப்பட்டதா என்பதாகும். பல அலுவலகங்களில் அவ்வாறான விதியே இல்லை. இருக்கும் இடங்களில் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், நியமனக் கடிதத்தின் பின்னால் இணைக்கப்பட்ட சில தாள்களாக இருக்கின்றது. மலையகத்திலிருந்து முதன்முறையாக அலுவலக உத்தியோகம் கிடைத்துச் செல்லும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள், வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அதைப் படிக்காமலே கையொப்பமிடுகின்றனர். வேலை போனால் கொழும்பில் வாடகை அறைக்குக் கொடுக்கப் பணமில்லை. திரும்பிச் செல்ல இருப்பது லயத்து அறை மாத்திரமே.

கையொப்பமிடுவதற்கு முன் அத்தாள்களின் தமிழ்ப் பிரதியைக் கேட்பதில் தவறில்லை. கணினியில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது, நிறுவனம் எதைப் பதிவுசெய்கின்றது, அதை யார் படிப்பார் என்ற நான்கையும் தெளிவாக எழுதிக்கொடுக்க ஒரு பக்கம் போதும். தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளில் தராசைப் பற்றிப் பேசுவது போல, தோட்டப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் கணினிகளைப் பற்றியும் பேசத் தொடங்கலாம். தோட்ட அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் உத்தியோகத்தர்களின் சங்கங்களிலிருந்தே அதனை ஆரம்பிப்பது இலகு.