பாரத்தைக் கீழே போடுவதன் வரலாறு

2020 பங்குனியில் ஊரடங்கு வந்து ஜிம்மெல்லாம் பூட்டுப்பட்டபோது, எங்களில் ஒருவன் வீட்டிலேயே ஒரு பார்பெல் செய்தான். ஒரு இரும்புக் குழாய், இரண்டு பக்கமும் பெயின்ற் வாளி, அதுக்குள்ள சீமெந்து. விறாந்தையில் கிடந்த வாங்கில் படுத்துக்கொண்டு பெஞ்ச் பிரஸ் அடிப்பான். மூன்றாம் கிழமை ஒருநாள் கடைசித் தடவை கை எழும்பவில்லை. குழாய் நெஞ்சில் இறங்கி, மெல்ல மெல்லக் கழுத்துப் பக்கம் உருளத் தொடங்கியது. கூப்பிடவும் மூச்சில்லை. குசினிக்குள் இருந்த அம்மம்மா ஏதோ எடுக்க வெளியே வந்ததால் தப்பினான். இருவருமாகப் பிடித்து ஒரு பக்கத்தைச் சரித்து விட்டார்கள்.

பிறகு அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் ஒரு கேள்வி மட்டும் எங்களோடு நின்றுவிட்டது. பின்னால் நிண்டு பிடிக்க ஒரு ஆள், அதாவது ஸ்பொட்டர், வேணும் எண்டது எப்ப தொடங்கினது? அதுக்கு முதல் ஆக்கள் எப்பிடித் தூக்கினவை?

தேடிப் பார்த்தால், தனியாகப் பயிற்சி செய்வது மிகப் பழைய பழக்கம். 1711இல் ஆங்கிலக் கட்டுரையாளர் ஜோசப் அடிசன், தன் அறையின் மூலையில் இருக்கும் ‘டம்பெல்’லில் தினமும் காலையில் பயிற்சி செய்வதாக எழுதினார். அது இன்றைய டம்பெல் இல்லை. கோயில் மணி இழுப்பதுபோலக் கயிற்றை இழுக்கும் ஒரு பொறி. மணி மட்டும் கிடையாது. சத்தம் வராத மணி என்பதால்தான் ‘ஊமை மணி’. பெயர் பின்னாளில் கைக்குண்டுகளுக்கு ஒட்டிக்கொண்டது.

தமிழ்நாட்டுக் கிராமங்களின் இளவட்டக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டைக் கல்லை முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கமாகப் போடுவார்கள். எங்கள் கண் வழமையாகத் தூக்குவதில்தான் நிற்கும். ஆனால் போடுவதும் அந்த வித்தையின் பாதி. ஏலாமல் போனால் கையை விட்டால் சரி, கல் நிலத்துக்குப் போய்விடும். தூக்குகிறவருக்கும் நிலத்துக்கும் நடுவில் கல் சிக்கிக்கொள்ள இடமில்லை.

ஐரோப்பாவிலும் அந்தக் காலத்தில் கதை ஏறக்குறைய இதுதான். எஸ்தோனியாவில் பிறந்த மல்யுத்த வீரர் ஜோர்ஜ் ஹக்கென்ஷ்மித் 1890களின் இறுதியில், படுத்த நிலையில் 160 கிலோவுக்கு மேல் தூக்கினார். வாங்கில் அல்ல, வெறும் நிலத்தில். பார்பெல்லை முகத்துக்கு மேலால் உருட்டி நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து தள்ளுவார். பிளேற்றுகள் பெரியவை என்பதால்தான் அது முடிந்தது. கை தோற்றாலும் பிளேற்றுகள் நிலத்தில் நிற்கும். கம்பி கழுத்தை நசிக்காது. இன்று போட்டிகளில் பாவிக்கும் பெரிய பிளேற்றின் விட்டம் 45 சென்ரிமீற்றர். ஆகவே கம்பி நிலத்திலிருந்து ஏறக்குறைய 22 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும்.

அடுத்தவர் ஜேர்மன்காரரான ஹென்றி ஸ்ரைன்போர்ன். முதலாம் உலகப்போர் காலத்தில் அவுஸ்திரேலியாவில் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தவர். 1921இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அப்போது ஸ்குவாட்டுக்கு ராக் கிடையாது. அவர் பார்பெல்லைச் செங்குத்தாக நிறுத்தி, பக்கத்தில் குந்தி, தன் முதுகுக்கு மேல் சரித்து எடுத்துக்கொண்டு எழும்புவார். முடிந்ததும் அதே வழியால் இறக்குவார். இப்படி ஏறக்குறைய 250 கிலோ வரை போனவர். பின்னால் ஒருவரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் இறக்கும் வழி தெரிந்த பிறகுதான் ஏற்றம்.

பிறகு வாங்கு வந்தது. நிலத்திலிருந்து உடம்பை உயர்த்தியதால் முழங்கை கீழே இறங்க இடம் கிடைத்தது, நெஞ்சுக்கு நல்ல வேலையும் கிடைத்தது. 1960களில் பவர்லிஃப்ரிங் தனி விளையாட்டாக எழும்பியபோது பெஞ்ச் பிரஸ் அதன் மூன்று தூக்குகளில் ஒன்றானது. நின்றுகொண்டு தலைக்கு மேல் தள்ளும் ‘பிரஸ்’ 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு நீக்கப்பட்டது. நின்று தூக்கியவன் ஏலாவிட்டால் முன்னுக்கு விட்டுவிடலாம். படுத்தவனுக்கு அந்த வழி இல்லை. நிலம் செய்துகொண்டிருந்த காவலை வாங்கு பறித்துவிட்டது. அந்த வெற்றிடத்தில்தான் ஸ்பொட்டர் வந்து நிற்கிறார் என்று நாங்கள் நினைக்கிறோம்.

அந்த இடத்தை நிரப்பிய இன்னொன்று பவர் ராக். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யோர்க் நிறுவனத்தை நடத்திய பொப் ஹொஃப்மன் இதைப் பரவலாக விற்றார். அசையாத கம்பியோடு மல்லுக்கட்டினால் பலம் வரும் என்பது அப்போதைய விளம்பரம். அதைக் காட்டிப் பெற்ற வெற்றிகளில் ஸ்ரீரொயிட் மாத்திரைக்கும் பங்கு இருந்தது பிறகு வெளிவந்தது, மோகம் அடங்கியது. ராக் மட்டும் நிலைத்தது. எந்த உயரத்திலும் குறுக்காகச் செருகக்கூடிய அதன் இரும்புத் தடிகள், களைக்காத ஒரு ஸ்பொட்டர்.

இதையெல்லாம் வாசித்த பிறகு எங்கட நண்பனின் பிழை வடிவா விளங்கியது. அவனிடம் வாங்கு இருந்தது, ராக் இல்லை. வாளிகள் குழாயோடு சீமெந்தால் இறுகியிருந்தன. ஒரு பக்கம் சரித்து பாரத்தைக் கழற்றி விழுத்த வழியில்லை. நிலத்தில் படுத்திருந்தாலும் முழுக் காவல் கிடைத்திராது. சின்ன வாளியின் விட்டம் குறைவு, கம்பி கழுத்து வரை இறங்கும்.

இப்போது நாங்கள் தனியாகத் தூக்கும்போது சில விசயங்களை விடுவதில்லை. ராக் இருந்தால் தடிகளை, நெஞ்சை நிமிர்த்தும்போது முட்டாமலும், நெஞ்சைத் தளர்த்தினால் கம்பியைத் தாங்கும்படியும் வைக்கிறோம். வெறும் கம்பியோடு ஒருக்கால் பரிசோதித்துவிட்டுத்தான் பாரம் ஏற்றுகிறோம். ராக் இல்லையென்றால் நிலத்தில் படுத்து டம்பெல்தான். முழங்கை நிலத்தில் நிற்கும், ஏலாவிட்டால் இரண்டு பக்கமும் விடலாம். ராக் இல்லாமல் பெஞ்ச் செய்தே ஆகவேணும் என்றால் பாரம் குறைவு, பிளேற்றுக்குக் கிளிப் போடுவதில்லை. பெருவிரலைக் கம்பியைச் சுற்றித்தான் பிடிக்கிறோம். இன்னும் இரண்டு தடவை ஏலும் என்று தெரியும்போதே நிறுத்துகிறோம். கால்களுக்கு, டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக் குந்தி எழும்புகிறோம். முடியாவிட்டால் முன்னுக்கு விடலாம்.

வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பெஞ்ச் பிரஸ் செய்வதில்லை என்பதும் ஒரு விதி. அம்மம்மாவின் காது இப்போது முந்தி மாதிரி இல்லை. அவன் அந்தக் குழாயை வெட்டி இரண்டு டம்பெல் ஆக்கிவிட்டான்.