கட்டுச்சோற்றிலிருந்து முறுக்கு டின் வரை: தமிழர் வழியுணவின் வரலாறு

முன்னுரை

வெளியூர்ப் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவுக்குத் தமிழில் பெயர்கள் பல: ஆற்றுணா, பொதிசோறு, கட்டமுது, கட்டுச்சோறு, கட்டுச்சாதம். முதற்பெயர் வழியுணவு என்ற பொதுப்பொருள் தருவது. மற்றவை சோற்றையே குறிப்பன. இன்றோ நெடும்பயணப் பைகளில் சோற்றைவிட முறுக்கு, தட்டை, அதிரசம், மிக்சர் ஆகியவையே மிகுதி. சோற்றின் இடத்துக்குப் பலகாரம் எப்படி வந்தது? பயண ஊர்தி, உணவை அடைக்கும் கலன், உணவின் நோக்கம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று மாற்றியதே காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

மூங்கிற்குழாயும் இலையும்

அகநானூற்றின் 311ஆம் பாடலில் புலவர் மாமூலனார் புல்லி என்னும் தலைவனின் நாட்டைக் காட்டுகிறார். அங்குக் கோவலர் இளங்காளையின் கழுத்தில் கட்டிய மூங்கிற்குழாயில் புளியுணவைக் கொண்டுசெல்கின்றனர். பசியால் காதடைத்து வரும் வழிப்போக்கருக்கு அதைத் தேக்கிலையில் பகிர்ந்தளிக்கின்றனர். இதைப் புளிச்சோறு என்றே உரைகள் கொள்கின்றன. புளிப்பு, அடைக்கும் கலன், பரிமாறும் இலை ஆகிய மூன்றும் இந்த ஒரே சான்றில் கிடைத்துவிடுகின்றன. கற்றவருக்கு எந்த நாடும் தம் நாடே என்பதால் ஆற்றுணா தேவையில்லை என்கிறது பழமொழி நானூறு. வழியுணவு கட்டுவது அன்றாட வழக்கமாக இருந்ததால்தான் இந்தப் பழமொழி எடுபட்டது.

12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் பொதிசோறு இறைவனே கொண்டுவரும் பொருளாகிறது. திருப்பைஞ்ஞீலிக்கு நடந்துசென்று களைத்த அப்பருக்கும், திருக்குருகாவூர் வழியில் பசித்த சுந்தரருக்கும் சிவபெருமான் சோறளித்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். இவ்விரு நிகழ்வுகளிலும் உணவு வழியிலேயே உண்டு தீர்கிறது. பிற்காலத்தில் தஞ்சை மராத்தியர் ராமேசுவரம் செல்லும் சாலையில் எழுப்பிய சத்திரங்கள் வழியுணவு கட்டிச் செல்லும் சுமையை ஓரளவு குறைத்தன. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று.

கெடாமல் காத்த பக்குவம்

சமைத்த சோற்றில் சில நுண்ணுயிர்களின் வித்துகள் பிழைத்திருக்கும். ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தால் பெருகும். புளியின் அமிலம் அதைத் தடுக்கிறது. நல்லெண்ணெயில் உள்ள இயற்கைப் பொருள்கள் எண்ணெய் எளிதில் காறாமல் காக்கின்றன. தயிர்சாதத்துக்கு வேறு உத்தி: சோற்றில் பாலை ஊற்றிப் பிசைந்து, உறைக்குச் சிறிது மோர் மட்டும் விடுவார்கள்; உண்ணும் வேளைக்குள் அது அளவாகப் புளித்திருக்கும். அனலில் வாட்டிய வாழையிலை கிழியாமல் மடியும். எனினும் இவையெல்லாம் ஓரிரு நாளுக்கான பாதுகாப்பே.

பொரித்த பண்டத்தின் கணக்கு வேறு. கொதிக்கும் எண்ணெய் மாவிலுள்ள நீரைப் பெரும்பாலும் வெளியேற்றிவிடுவதால் நுண்ணுயிர் வளர வழியில்லை. அதற்குப் பகை இரண்டு: ஈரம் பட்டால் நமத்துப்போகும், காற்றுப்பட்டால் காறிப்போகும். இலைப்பொட்டலம் இவ்விரண்டையும் தடுக்காது. மூடி இறுகிய கலன் வந்த பிறகே முறுக்கு நெடுந்தூரம் போக முடிந்தது.

ரயிலும் தூக்குச்சட்டியும்

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. பல நாள் வழி சில மணி நேரமாகச் சுருங்கியும் கட்டுச்சாதம் மறையவில்லை. அதற்குப் பசியோடு சாதியும் காரணம். யார் சமைத்தது, யார் தொட்டது என்று பார்த்த சமூகத்தில் வீட்டுச் சோறு ஒரு வேலியாகவும் இருந்தது. ரயில் நிலைய உணவு விடுதிகளிலேயே பிராமணருக்குத் தனியிடம் இருந்தது. பெரியாரின் கிளர்ச்சியை அடுத்து 1941இல்தான் அப்பிரிவினை நீக்கப்பட்டது.

கலன்களும் இக்காலத்தில் மாறின. பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தயாரிப்பைத் தொடங்கினார். எடை குறைந்த தூக்குச்சட்டி பரவியது; பின்னர் எவர்சில்வர் டப்பா வந்தது. நடைமேடைகளிலும் பண்ட விற்பனை வளர்ந்தது. திருச்சி–திண்டுக்கல் பாதையிலுள்ள மணப்பாறையின் பெயர் முறுக்கோடு ஒட்டிக்கொண்டது. மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இலேயே அதைப் பெற்றுவிட்டது.

கப்பலும் விமானமும்

1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களைப் பினாங்கு, சிங்கப்பூரோடு இணைத்தது. ஏறத்தாழ ஒரு வாரம் நீளும் அந்தப் பயணத்துக்குச் சோறு தாங்காது. பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்த நகரத்தாரின் சமையலில் சீப்புச்சீடை, மணகோலம், தேன்குழல் போன்ற உலர்பண்டங்கள் மிகுந்திருப்பது இங்கே நினைக்கத்தக்கது. கப்பலேறிய டின் வழியில் முழுதும் தீரவேண்டியதில்லை. அக்கரையில் இருப்பவர் கையிலும் சேரலாம். வழியுணவின் நோக்கம் திரும்பிய இடம் இதுவே.

விமானம் அந்தத் திருப்பத்தை முடித்துவைத்தது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு இப்போது ஏறத்தாழ நான்கு மணி நேரம். வழியில் உண்ணக் கட்டுச்சோறு தேவையில்லை. ஆனாலும் பெட்டியில் முறுக்கும் அதிரசமும் பருப்புப்பொடியும் ஏறுகின்றன. எதை ஏற்றுவது என்பதை இப்போது விதிகளே பெரிதும் முடிவு செய்கின்றன. கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் கூடாது என்ற கட்டுப்பாடு நெய்யையும் ஊறுகாயையும் சரக்குப் பெட்டிக்குத் தள்ளியது. தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என வகைப்படுத்தப்பட்ட கொப்பரைக்கும் தடை உண்டு. உலர்ந்த பலகாரத்துக்கு இச்சிக்கல்கள் குறைவு.

முடிவுரை

நடையின் காலத்தில் உணவு வழியில் தீர்ந்தது. ரயிலில் வீட்டு வழக்கத்தைக் காத்தது. கப்பலிலும் விமானத்திலும் போய்ச்சேரும் இடத்துக்கான பண்டமானது. பயண நேரம் சுருங்கச் சுருங்க, பண்டம் கெடாமல் நிற்கவேண்டிய காலமோ நீண்டது. ஒரு வேளைப் பசிக்குப் புளிச்சோறு போதும். மகள் வீட்டில் ஒரு மாதம் இருக்கவேண்டியதற்கு முறுக்குதான் வேண்டும். எனவே இன்றைய பலகார டின்னை ஆற்றுணாவின் நேர் வாரிசு எனக் கொள்வது பொருந்தாது. ஆற்றுணா போகிறவரின் உணவு. டின்னில் இருப்பது காத்திருப்பவரின் உணவு.