லயத்துக்கு வந்த கடைவீதி: வி.பி.பி. முதல் செயலி வரை

பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறையைக் கைப்பேசி வணிகத்தின் கண்டுபிடிப்பாகக் கருதுவோர் உண்டு. இந்திய அஞ்சல் துறை 1877-லேயே வி.பி.பி. முறையைத் தொடங்கிவிட்டது. பஞ்சாங்கமும் மருந்தும் நாவலும் அவ்வாறே சிற்றூர்களுக்குச் சென்றன. 2010-இல் ஃபிளிப்கார்ட் கொண்டுவந்த 'கேஷ் ஆன் டெலிவரி' அந்தப் பழைய ஏற்பாட்டின் மறுபிறப்பே. வேறுபாடு மொழியில்தான். வி.பி.பி. வேண்டி அஞ்சலட்டையைத் தமிழிலேயே எழுதலாம். செயலியோ பல ஆண்டுகள் ஆங்கிலம் அறிந்தவரிடம் மட்டுமே பேசியது.

இந்த வேறுபாட்டைப் போனக்காடு போன்ற இடத்திலிருந்து பார்த்தால் அதன் எடை விளங்கும். திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவுக்கு மேலே, அகத்தியர்கூடத்துக்கு ஏறுவோர் புறப்படும் மலையூர் அது. நலிந்துபோன தேயிலைத் தோட்டமும், லயங்களில் வாழும் தமிழ் வழித் தொழிலாளர் குடும்பங்களும் உள்ள இடம். தமிழின் முதல் இலக்கணி என மரபு போற்றும் முனிவரின் மலையடியில் தமிழ் எழுத்து திரையில் கட்டங்களாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது என்பது வரலாற்றின் குறும்பு.

அந்தக் கட்டங்களுக்குக் காரணம் உண்டு. 1991-இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் இணையத்தமிழ் நெடுங்காலம் தனித்தனிக் குறியேற்றங்களில்தான் வாழ்ந்தது. திஸ்கி ஒருபுறம், 1999-ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழ்இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் மறுபுறம். 'கொ' என்ற எழுத்தையே எடுத்துக்கொள்வோம். திஸ்கி அதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று சேமிக்கும். யூனிகோடு ககரத்தை முன்னும் உயிர்க்குறியை அதன்பின்னும் வைக்கும். திரையில் வரிசையை மாற்றிக் காட்டுவது எழுத்தை வரைந்து காட்டும் மென்பொருளின் பொறுப்பு. படிப்பவருக்கு இரண்டும் ஒன்று. தேடும் பொறிக்கு இரண்டும் வேறு. ஒரு கடையின் தரவுத்தளத்தில் 'கொலுசு' இருந்தும் கிடைக்காமற்போக இதுவே போதும். தமிழக அரசு 2010-இல்தான் யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆண்ட்ராய்டு 2011-இல், தன் 4.0 பதிப்பில், தமிழ் எழுத்துகளை முறையாகக் காட்டத் தொடங்கியது. மலிவான கைப்பேசியில் தமிழ்க்கடை திறப்பதற்கான அடித்தளம் அதற்குப் பின்னரே உருவாயிற்று.

அடுத்த திருப்பம் 2015. அவ்வாண்டு மார்ச்சில் ஃபிளிப்கார்ட் தன் கைப்பேசி இணையதளத்தை மூடிச் செயலிக்கே அனைவரையும் அனுப்பியது. மே மாதம் மிந்த்ரா கணினித் தளத்தையும் மூடியது. நினைவகம் குறைந்த கைப்பேசியும் நலிந்த அலையும் உடையவரை மறந்த முடிவு என்றே இதைச் சொல்வேன். நவம்பரிலேயே 'ஃபிளிப்கார்ட் லைட்' வந்தது. உலாவியிலேயே இயங்கி, முன்பு பார்த்த பக்கங்களைத் தொடர்பு அறுந்தபோதும் காட்டவல்ல வலைச்செயலி அது. இன்று உலகெங்கும் 'முற்போக்கு வலைச்செயலி' எனப்படும் வகையின் முன்னோடிகளில் ஒன்று. மிந்த்ராவும் 2016-இல் வலைக்குத் திரும்பியது.

தமிழ் முகப்பு ஃபிளிப்கார்ட்டில் 2020 ஜூனிலும் அமேசானில் அதே ஆண்டு செப்டம்பரிலும் வந்தது. அமேசானில் மலையாளமும் உடன் வந்ததால், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பயிலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே நாளில் கிட்டின. தூய மொழிபெயர்ப்பைவிடப் புழக்கச் சொல்லையே விரும்பியதாக அந்நிறுவனம் அறிவித்தது. 'கார்ட்', 'ஆஃபர்' கண்டு நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அதில் பெரிய குறை தோன்றவில்லை. 'லயம்' என்பதே 'லைன்' திரிந்த சொல்தானே.

என் கவலை வேறு. தோட்ட வரலாற்றில் எழுத்து பெரும்பாலும் தொழிலாளிக்கு எதிராகவே நின்றது. இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு அவரோடு தோட்டம்விட்டுத் தோட்டம் சென்றது; 1921-இல்தான் சட்டம் அம்முறையை ஒழித்தது. ஆகவே ஒரு செயலி தமிழ் பேசுகிறதா என்பதை முகப்பை வைத்து அளக்க நான் உடன்படேன். தவணை வட்டி, திருப்பியனுப்பும் கெடு, பணம் மீளும் வழி ஆகியவை எம்மொழியில் எழுதப்பட்டுள்ளன என்பதே அளவுகோல்.

முகவரிப் படிவமும் ஆய்வுக்குரியது. அஞ்சல் குறியீட்டெண் 1972-இல் வந்தது. அது அஞ்சலகம் வரையே வழிகாட்டும். அதற்கப்பால் படிவம் கதவெண்ணும் தெருப்பெயரும் கேட்கிறது. லயவாசி 'அடையாள இடம்' என்ற கட்டத்தில்தான் தன் ஊரை எழுதவேண்டியிருக்கிறது.