48 வயதில் கேமரா பிடித்த அம்மையாரும் பெயரில்லாமல் நின்ற நம் சனங்களும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு மண்டபம் பக்கம் குடிவந்து, காலையில் பாக் நீரிணையையும் மாலையில் மன்னார் வளைகுடாவையும் படமெடுத்து உங்களுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சிறுவயதில் இருந்தே ஆசைப்பட்ட கடற்கரை இது. "இந்த வயசில் எதுக்கு சார் கேமரா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

ஜூலியா மார்கரெட் கேமரூன். பெயரிலேயே கேமரா இருப்பது தற்செயல்தான். 1815ல் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, தாய் பிரெஞ்சு வழியினர். 1838ல் அதே கல்கத்தாவில் சார்லஸ் ஹே கேமரூன் என்ற சட்ட அறிஞரை மணந்தார். கணவருக்கு இவரைவிட 20 வயது அதிகம். 1848ல் கணவர் வேலையிலிருந்து விலக, குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது.

1860ல் கவிஞர் டென்னிசனைப் பார்க்க வைட் தீவுக்குப் போனார் அம்மையார். ஃப்ரெஷ்வாட்டர் என்ற கடலோர ஊர் பிடித்துப்போய்விட்டது. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு வீடுகளை வாங்கி இணைத்துக் குடியேறிவிட்டார். வீட்டுக்கு வைத்த பெயர் டிம்போலா. இலங்கையில் இருந்த அவர்களது தோட்டத்தின் பெயர் அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் சேர்ந்து ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அம்மையாருக்கு 48 வயது. தனியாக இருக்கும்போது பொழுது போகட்டும் என்று கொடுத்தது. கேமரா என்றால் இன்றைக்கு நாம் சட்டைப்பையில் வைத்திருப்பது போல அல்ல, கனமான மரப்பெட்டி. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சீராக ஊற்ற வேண்டும். அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். ஒரு படத்துக்கு எதிரில் இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். தூசி விழுந்தால் போச்சு. விரல் பட்டால் போச்சு.

நிலக்கரி போட்டு வைத்த அறை இருட்டறை ஆனது. கோழிகளை வெளியேற்றிவிட்டு, கோழிக்கூண்டையே ஸ்டுடியோ ஆக்கினார். 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியை எடுத்த படத்தைத்தான் தனது முதல் வெற்றி என்று எழுதி வைத்தார். அடுத்த ஆண்டே லண்டனில் உள்ள சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கியது. இரண்டே வருடம்! விஞ்ஞானி ஹெர்ஷல், டார்வின், டென்னிசன் எல்லோரும் அவர் கேமரா முன்னால் உட்கார்ந்தார்கள். "படம் தெளிவாக இல்லை, கறை இருக்கிறது" என்று அன்றைய புகைப்படக்காரர்கள் கேலி செய்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. முடியும் காதும் தெளிவாக விழுவதைவிட முகத்தின் உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. இன்று அந்தக் கேலிக்காரர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

பெரிய மனிதர்களை மட்டும் அவர் எடுக்கவில்லை. வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரை மாதா வேடத்தில் நிறுத்திப் பல படங்கள் எடுத்தார். மேரி ரையான் என்ற இன்னொரு பெண், தாயோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்தவள். அம்மையார் கூட்டிவந்து வளர்த்தார். அவள் படத்தைக் கண்காட்சியில் பார்த்த ஹென்றி காட்டன் என்ற இளைஞர் அவளையே 1867ல் மணந்தார். அந்த ஹென்றி காட்டன்தான் 1904ல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்.

இனி டிம்போலாவுக்கு வருவோம்.

கணவர் கேமரூன் 1830களின் தொடக்கத்தில் இலங்கை நிர்வாகத்தை ஆராய வந்த கோல்புரூக் - கேமரூன் ஆணைக்குழுவில் ஒருவர். இலங்கை வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழிக்க வழி செய்தது இந்தக் குழுதான். நல்ல காரியம். ஆனால் மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, அவர்கள் கொடுத்த கூலிக்கு உள்ளூர் விவசாயிகள் தோட்ட வேலைக்கு வரவில்லை. ஆகவே துரைமார் நம் பக்கம் திரும்பினார்கள். ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளில் இருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கேமரூன் குடும்பமும் காப்பித் தோட்டத்தில் பணம் போட்டிருந்தது. கடலோர வீடு, கண்ணாடித் தகடு, வெள்ளி நைட்ரேட் எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தத் தோட்ட வருமானத்துக்கும் பங்கு உண்டு.

1869ல் காப்பி இலைகளில் துரு நோய் கண்டது. தோட்டங்கள் நொடிக்க ஆரம்பித்தன. பணமுடை ஒருபக்கம், மகன்கள் இலங்கையில் இருப்பது ஒருபக்கம். 1875ல் கேமரூன் தம்பதியர் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே நல்ல சவப்பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோ என்று தங்களுக்கான சவப்பெட்டிகளையும் கொண்டுபோனதாகச் சொல்வார்கள்.

இலங்கையில் களுத்துறையிலும் மலைநாட்டிலும் இருந்தார்கள். தண்ணீரும் ரசாயனமும் சரியாக அமையாத வெப்ப நாட்டில் அம்மையார் எடுத்த படங்கள் குறைவு. இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் நிற்பவர்கள் வேலையாட்களும் கிராமத்தாரும். பலர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1878ல் எடுத்த ஒரு படம், களுத்துறைக் குடியானவர்கள் என்று தலைப்பு. பெண்ணுக்கு 12 வயது என்றும், கிழவர் தன்னை அவளுடைய தகப்பன் என்றும் தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்றும் குறிப்பு இருக்கிறது. வயதைக் கேட்டிருக்கிறார்கள், உறவைக் கேட்டிருக்கிறார்கள். பெயர் இல்லை.

நண்பர்களே, இங்கேதான் எனக்கு நெஞ்சில் முள் தைக்கிறது. வைட் தீவில் பாத்திரம் துலக்கிய பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது. பிச்சை எடுத்த பெண்ணுக்கும் பெயர் இருக்கிறது. யாருடைய உழைப்பில் அந்த வீட்டுக்கே பெயர் வந்ததோ, அந்தச் சனங்களுக்குப் பெயர் இல்லை. அம்மையாரைக் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். அவர்களையும் அதே அக்கறையோடுதான் ஒளியில் நிறுத்தியிருக்கிறார். முகங்களில் அதே கம்பீரம் இருக்கிறது. ஆனால் அன்றைய ஆட்சியின் பார்வையில் அவர்கள் 'கூலி', 'குடியானவர்', 'வேலையாள்'. நல்ல கண்ணும் அந்தப் பார்வையைத் தாண்டவில்லை.

1879 ஜனவரியில் அம்மையார் மலைநாட்டில் காலமானார். மறுவருடம் கணவர். இருவரும் பொகவந்தலாவையில் தேவாலய வளாகத்தில் அடக்கமாகி இருக்கிறார்கள். கல்லறையில் அவர்கள் பெயர் இருக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக மண்ணுக்குள் போன நம் ஆட்களில் எத்தனை பேருக்குக் கல் இருக்கும்?

நான் குடியிருக்கும் இந்த மண்டபத்துக்கும் இதில் பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை மருத்துவக் கண்காணிப்பில் தங்கவைத்த முகாம் இங்கேதான் இருந்தது. ரயில் நிலையத்துக்கே மண்டபம் கேம்ப் என்று பெயர். பின்னாளில் அங்கிருந்து வந்த அகதிகள் தங்கியதும் இதே முகாமில்தான்.

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கடலை எடுத்தால் தேதி மட்டும். மனிதரை எடுத்தால், முதலில் சம்மதம், பிறகு பெயர், ஊர், செய்யும் வேலை எல்லாம் நோட்டில். 'வலை பின்னும் மீனவர்', 'கருவாடு காயவைக்கும் மூதாட்டி' என்று தலைப்புப் போட்டு முடித்துவிடுவதில்லை. வருகைப்பதிவேடு எடுத்த கை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பிள்ளை "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நிற்கும். படத்தை முகநூலில் போடலாமா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. பிரிண்ட் போட்டு ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்துவிடுகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில் பழைய படங்கள் இருக்கும். பாட்டியோ பெரியப்பாவோ அடையாளம் சொல்ல இருக்கும்போதே கேட்டு, பின்புறம் பென்சிலால் மெதுவாகப் பெயர்களை எழுதி வையுங்கள். கண்டிக்கோ, ரங்கூனுக்கோ, மலாயாவுக்கோ போனவர்கள் என்றால் ஊரும் வருடமும் சேர்த்து எழுதுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.