சிறாரின் சொல்லும் சான்றின் அளவுகோலும்

ஓத வந்த பிள்ளையொன்று, தனக்கு ஓதிக்கொடுப்பவர் மீதோ தன்னைப் பராமரிக்கும் பெரியவர் மீதோ தகாத செயலைச் சொல்லி முறையிட்டால், அச்சொல்லை எந்தத் தராசில் இட்டு நிறுப்பது? இக்கேள்வி எழும்போதெல்லாம் நம் மஹல்லாக்களில் மூன்று விடைகள் உடனே முன்வைக்கப்படுகின்றன. 'நான்கு சாட்சிகள் எங்கே?' என்பது ஒன்று. 'ஆலிம் ஒருவர் மீது அவதூறு பேசலாகாது' என்பது மற்றொன்று. 'பிறர் குறையை மறைப்பதே முஃமினுக்கு அழகு' என்பது மூன்றாவது. மூன்றும் மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுவதால், முறையிட்ட பிள்ளையும் பெற்றோரும் வாயடைத்துப் போகின்றனர். இவ்விடைகள் நம் இமாம்களின் நூல்களில் உண்மையில் எந்த இடத்தைப் பெறுகின்றன என்பதை வரலாற்று வழிநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐந்து வயதின் நினைவு

இமாம் புகாரி (ரஹ்) தம் ஸஹீஹின் கல்வி பற்றிய பகுதியில், சிறுவர் செவியுற்றது எப்போது செல்லுபடியாகும் என்றே ஒரு பாடம் அமைத்துள்ளார்கள். மஹ்மூத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் செய்தி அதில் இடம்பெறுகிறது. தமக்கு ஐந்து வயதாயிருந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாளி நீரை வாயில் எடுத்துத் தம் முகத்தில் தெளித்ததை அந்த நபித்தோழர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். ஹதீஸ் கலை அறிஞர் இதனை ஆதாரமாகக் கொண்டு இரு நிலைகளைப் பிரித்தனர். செய்தியைக் கேட்டு மனத்தில் ஏற்பது ஒரு நிலை. அதனைப் பிறருக்கு அறிவிப்பது வேறொரு நிலை. பின்னதற்குப் பருவமடைதலும் நேர்மையும் வேண்டும்; முன்னதற்குப் பிள்ளைப் பருவம் தடையன்று. இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) போன்றோர் வயதை மட்டும் எண்ணவில்லை. பேச்சை விளங்கி உரிய விடை சொல்லும் பக்குவம் பிள்ளையிடம் உண்டா என்பதையே முதன்மையாக நோக்கினர்.

பிள்ளைகள் கண்டதை மறந்துவிடுவர், கற்பனையை உண்மையோடு கலந்துவிடுவர் என்று பொதுப்படக் கூறிச் சிறாரின் சொல்லை ஒதுக்குவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். இப்னு அப்பாஸ் (ரலி), நுஃமான் இப்னு பஷீர் (ரலி) போன்ற இளம் நபித்தோழர்கள் சிறு பருவத்தில் கண்டதையும் கேட்டதையும் நம் மார்க்க நூல்கள் நிறையத் தாங்கி நிற்கின்றன.

மதீனாவின் மரபு

அறிவிப்பு வேறு, நீதிமன்றச் சாட்சியம் வேறு. சாட்சியத்தில் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். சிறுவர்கள் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட காயங்களில் அவர்களின் சாட்சியத்தை ஏற்று அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) தீர்ப்பளித்ததாக இமாம் மாலிக் (ரஹ்) முவத்தாவில் பதிவுசெய்துள்ளார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அதனை ஏற்கவில்லை. ஆடவர் இருவரைச் சாட்சியாக்குமாறு திருக்குர்ஆன் கூறுவதை ஆதாரமாகக் கொண்டு இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் சிறாரின் சாட்சியத்தை மறுத்தார்கள். ஹனஃபி மத்ஹபின் நிலையும் மறுப்பே. தமிழகத்து முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் இவ்விரு மத்ஹபுகளைச் சார்ந்தவர்கள் ஆதலால், மாலிக்கி மத்ஹபின் கருத்து நம் மதரஸாக்களில் அதிகம் பேசப்படுவதில்லை.

ஆயினும் அக்கருத்திலுள்ள நிபந்தனைகள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. சிறுவர்கள் நிகழ்விடத்தை விட்டுக் கலைந்து செல்லுமுன் அவர்களின் சொல் பெறப்பட வேண்டும்; எவரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோ மனத்தைத் திரித்தோ இருக்கலாகாது. கலைந்து சென்றுவிட்டால், அதற்கு முன்னரே நேர்மையான பெரியவர்கள் அச்சொல்லைக் கேட்டுச் சான்று பகர்ந்திருந்தாலன்றி அது செல்லாது. பிள்ளையின் சொல்லைக் கெடுப்பது பெரும்பாலும் பெரியவரின் தலையீடே என்பதை மதீனாவின் அறிஞர்கள் உணர்ந்திருந்தனர் என்பது இதனால் விளங்குகிறது.

இதற்கு மாலிக்கி அறிஞர்கள் கூறிய காரணமும் குறிப்பிடத்தக்கது. சிறுவர்கள் பெரியவர் இல்லாத இடத்தில் விளையாடுகின்றனர். அங்கு நிகழ்வதற்கு வேறு சாட்சி கிடைப்பதில்லை. அவர்களின் சொல்லை முற்றும் தள்ளினால் சிந்திய இரத்தத்துக்கு நீதியே இல்லாமற்போகும். இவ்விதி சிறுவர்களுக்கிடையே நிகழ்வதற்கு மட்டும் உரியது, பெரியவருக்கு எதிராக அது நீளவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. ஆனால் அதன் அடிப்படையான தேவை, பூட்டிய அறையில் ஒரு பெரியவரிடம் தனித்து அகப்பட்ட பிள்ளைக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

ஒரு தலையசைப்பு

பெரியவருக்கு எதிரான முறையீட்டில் பின்பற்றத்தக்க முன்மாதிரி நபிகளாரின் காலத்திலேயே உண்டு. அனஸ் (ரலி) அறிவிக்க, புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் அது பதிவாகியுள்ளது. மதீனாவில் ஒருத்தியின் தலை இரு கற்களுக்கிடையே நசுக்கப்பட்டிருந்தது. அவளைக் குறிக்கும் 'ஜாரியா' என்னும் சொல் சிறுமியையும் இளம்பெண்ணையும் சுட்டும். பேச இயலாத நிலையில் இருந்த அவளிடம் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டன. தொடர்பற்ற பெயர்களுக்கு இல்லையென்றும், உரிய பெயருக்கு ஆமென்றும் அவள் தலையசைத்தாள். குறிக்கப்பட்டவன் கொண்டுவரப்பட்டு விசாரிக்கப்பட்டான். அவன் ஒப்புக்கொண்ட பின்னரே தண்டனை நிறைவேறியது.

பாதிக்கப்பட்டவளின் தலையசைப்பு விசாரணையைத் திறந்தது. தண்டனையைத் தீர்மானித்தது ஒப்புதல். விசாரணையைத் தொடங்குவதற்கு வேண்டிய அளவுகோலும் தண்டிப்பதற்கு வேண்டிய அளவுகோலும் வெவ்வேறானவை என்னும் பேருண்மை இந்நிகழ்வில் அடங்கியுள்ளது. பின்னதன் கடுமையை முன்னதன் வாசலில் நிறுத்தி வைப்பதே நம்மிடையே நேரும் பிழை. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனமும் இதனையே உணர்த்துகிறது. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தாற்கூட அதனைத் தீர விசாரிக்குமாறே அது பணிக்கிறது. குப்பையில் எறியச் சொல்லவில்லை. தீயவனின் செய்திக்கே விசாரணை உண்டெனில், பாவமே எழுதப்படாத பிள்ளையின் சொல்லுக்கு அது இல்லாமற்போவது எங்ஙனம்?

நான்கு சாட்சிகள்

நான்கு சாட்சிகள் என்னும் நிபந்தனை விபசாரக் குற்றத்துக்குரிய 'ஹத்து' தண்டனைக்கானது. மானத்தைக் காக்கவே அது அத்துணைக் கடுமையாக வைக்கப்பட்டது. பிள்ளை மீதான வன்செயலோ இருவர் இசைந்து செய்த பாவம் அன்று. ஒருவர் மற்றவருக்கு இழைத்த அநீதி. அதனை விசாரிக்கவும், சந்தேகத்துக்குரியவரைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைக்கவும் நால்வர் கண்ணால் கண்டிருக்க வேண்டுமென எந்த மத்ஹபும் விதிக்கவில்லை.

சான்று என்பது தலைகளை எண்ணுவதோடு முடிவதுமன்று. யூசுஃப் (அலை) அவர்களின் சட்டை பின்புறம் கிழிந்திருந்ததே அவர்களின் தூய்மைக்குச் சான்றாயிற்று. ஹிஜ்ரி 751-இல் (கி.பி. 1350) மறைந்த இப்னுல் கையிம் (ரஹ்), 'பய்யினா' எனும் சொல் உண்மையை வெளிப்படுத்தும் எதனையும் குறிக்கும் என்று அத்துருக்குல் ஹுக்மிய்யாவில் விரிவாக நிறுவினார். மாலிக்கி அறிஞரான இப்னு ஃபர்ஹூனும் (மறைவு ஹிஜ்ரி 799) தடயங்களைக் கொண்டு தீர்ப்பளித்தலைத் தனியே எடுத்து விளக்கினார். காயம், மருத்துவரின் குறிப்பு, பிள்ளையின் நடத்தையில் திடீரெனத் தோன்றிய மாற்றம், கைப்பேசியில் எஞ்சிய பதிவு ஆகியவை இக்காலத்தின் 'கரீனா'க்கள்.

சாட்சி எண்ணிக்கையை வாசலிலேயே கேட்கும் பிழை நம்முடையது மட்டுமன்று. யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவினர் இரு சாட்சிகள் வேண்டுமென்ற வேத விதியை உள்விசாரணையில் கைக்கொண்டனர். 1950 முதல் குற்றம் சாட்டப்பட்ட 1,006 பேரின் விவரங்கள் ஆஸ்திரேலியாவில் அவர்களின் ஆவணங்களில் இருந்தும், ஒருவரைப் பற்றியேனும் அவ்வமைப்பு காவல்துறைக்குத் தெரிவிக்கவில்லை என்பது அந்நாட்டு அரச ஆணையத்தின் 2015-ஆம் ஆண்டு விசாரணையில் வெளிவந்தது.

அவதூறும் மறைத்தலும்

ஆலிம் ஒருவரின் கண்ணியம் பெரிது, ஐயமில்லை. ஆயினும் ஹதீஸ் கலையைத் தோற்றுவித்த முன்னோர், தக்வாவின் தோற்றத்தையே நம்பகத்துக்குச் சான்றாக ஏற்றதில்லை. இரவெல்லாம் தொழும் வணக்கசாலிகளின் அறிவிப்புகளையும் அவர்கள் தள்ளினர். காரணத்தை வெளிப்படையாக எழுதியும் வைத்தனர். இமாம் நவவி (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களைத் தொகுத்துள்ளார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் அதிகாரமுடையோரிடம் முறையிடுவது அவற்றுள் முதலாவது. தீங்கைக் குறித்து முஸ்லிம்களை எச்சரிப்பதும் அவற்றுள் ஒன்று. நம் மதரஸாக்களில் ஆண்டுதோறும் ஓதப்படும் கிதாபு இது. அநீதிக்குள்ளானவரின் குரலுக்கு அந்நிஸா அத்தியாயத்தின் 148-ஆம் வசனமும் இடமளிக்கிறது.

குறையை மறைத்தல் பற்றிய நபிமொழிக்கு முஸ்லிம் விரிவுரையில் அந்த இமாமே எல்லை வகுத்தார்கள். தீங்கு செய்வதில் பேர்பெறாதவர் முன்னர் செய்து முடிந்த பாவத்தை மறைப்பதே அது. தொடரும் தீமையைத் தடுப்பது கடமை. இயலாவிடில் அதிகாரமுடையோரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஓர் ஊரில் நீக்கப்பட்டவர் நற்சான்றுக் கடிதத்தோடு அடுத்த ஊர் மக்தபில் அமர்த்தப்படுவாராயின் அங்கு மறைக்கப்படுவது பாவமன்று. அடுத்து அகப்படவிருக்கும் பிள்ளைக்கு நேரவுள்ள ஆபத்து. அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் கதை இதுவே. 2004-இல் வெளியான ஜான் ஜே ஆய்வு, 1950 முதல் 2002 வரையிலான காலத்தில் 4,392 பாதிரியார்கள் மீது முறையீடு எழுந்ததையும், பாதிக்கப்பட்டதாகச் சொன்னோர் 10,667 பேர் என்பதையும் கணக்கிட்டது. முறையீட்டுக்கு உள்ளானோரை வேறு பங்குக்கு மாற்றியதே பல மறைமாவட்டங்களின் வழக்கமாயிருந்தது. எந்தப் பெயரைக் காக்க எண்ணி இவ்வாறு செய்தார்களோ, அந்தப் பெயரே இதனால் அழிந்தது.

நம் முன்னோர் இவ்வகையில் கண்மூடி இருந்ததில்லை. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷைஸரீயும், அவருக்குப் பின்வந்த இப்னுல் உகுவ்வாவும் முஹ்தஸிப்களுக்காக எழுதிய கையேடுகளில் ஓதிக்கொடுப்போருக்கும் விதிகள் உண்டு. பள்ளிகள் தெருக்களிலும் கடைவீதி ஓரங்களிலும் அமைய வேண்டும். ஆசிரியர் பிள்ளைகளைத் தம் சொந்த வேலைகளுக்கு ஏவலாகாது. ஆளில்லாத வீட்டுக்கு அனுப்பலாகாது. பிள்ளைகளை அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவிடுபவர் நம்பிக்கைக்குரியவராகவும் மணமானவராகவும் இருத்தல் வேண்டும்; ஏனெனில் அவர் ஆளற்ற இடங்களில் பிள்ளைகளோடு தனித்திருக்கிறார். இவ்விதிகளை எவரும் ஆசிரியர் குலத்துக்கு இழுக்காகக் கருதவில்லை.

பொய்யான பழி

மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். 1983-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி ஆசிரியர்கள் மீது எழுந்த வழக்கு 1990 வரை நீண்டு, ஒருவரும் தண்டிக்கப்படாமல் முடிந்தது. விசாரித்தவர்கள் பிள்ளைகளிடம் விடையை உள்ளடக்கிய கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தனர். எதிர்பார்த்த விடை சொன்ன பிள்ளையைப் பாராட்டினர். இப்படுதோல்விக்குப் பின்னரே, 'நடந்ததைச் சொல்' என்று பிள்ளையைத் தானாகப் பேசவிடும் முறைகளை உளவியல் அறிஞர் வகுத்தனர். சொல்லிக்கொடுக்கப்படுமுன் கேட்க வேண்டும் என்ற மதீனாவின் நிபந்தனை எத்துணைப் பொருளுடையது என்பதை இவ்வழக்கு மெய்ப்பிக்கிறது. ஆகவே ஜமாஅத் அலுவலகத்தில் பத்துப் பெரியவர் சூழ அமர்ந்து பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்வது இரு தரப்புக்கும் அநீதியாகும். அவ்விசாரணை உண்மையான முறையீட்டைச் சிதைக்கும். குற்றமற்ற ஆசிரியர் தம் தூய்மையை நிறுவும் வழியையும் அடைத்துவிடும்.

நம் கடமை

இந்திய உச்ச நீதிமன்றம் 1951-ஆம் ஆண்டு டிசம்பரில் இராமேஷ்வர் வழக்கில், ஏறத்தாழ எட்டு வயதுச் சிறுமியின் சொல்லை ஆராய்ந்தது. வேறு சான்றின் துணையை நாடுவது விவேகத்தின்பாற்பட்டது. ஆனால் அத்துணை இன்றித் தண்டிக்கவே இயலாது என்பது சட்டமன்று என அது தெளிவுபடுத்தியது. கேள்வியை விளங்கிப் பகுத்தறிந்து விடை சொல்ல இயலுமா என்பதே சாட்சியின் தகுதிக்கு அளவுகோல் என 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டமும் 124-ஆம் பிரிவில் அதனையே தொடர்கிறது. ஹதீஸ் கலை அறிஞர் கேட்டதும் இதே கேள்வியைத்தான்.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, இத்தகைய குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்குகிறது. தம் கீழ்ப் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு 21-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. முதவல்லியும் மதரஸா நிர்வாகியும் இதற்கு விலக்கல்லர். வேண்டுமென்றே பொய்ப்பழி சுமத்தும் பெரியவருக்கு 22-ஆம் பிரிவு தண்டனை விதிக்கிறது, பிள்ளைக்கு விதிப்பதில்லை. பருவமடையாதவர் மீது அவதூறுக்கான ஹத்து இல்லை என்னும் ஃபிக்ஹு விதியோடு இது ஒத்திருப்பதைக் கற்றோர் அறிவர். பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடுவதை 23-ஆம் பிரிவு தடுக்கிறது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் நம் மஹல்லாவின் கடமை தெளிவாகும். பிள்ளை சொல்வதை ஒருவர் பொறுமையோடு ஒருமுறை கேட்டு, அது சொன்ன சொற்களிலேயே எழுதிவைக்க வேண்டும். தாமதமின்றிக் காவல்துறைக்கோ 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும். முடிவு தெரியும்வரை முறையீட்டுக்கு உள்ளானவரைத் தண்டித்தவராகவும் தூயவராகவும் அறிவிக்காமல், பிள்ளைகளிடமிருந்து மட்டும் விலக்கி வைக்க வேண்டும். வீதியில் அதனைப் பேசித் திரியலாகாது. தீர்ப்பு, தீர்ப்பளிக்கும் தகுதியுடையோரின் பொறுப்பு. கேட்பதும் காப்பதும் நம் பொறுப்பு. பெற்றோர் தம் பிள்ளையை நம்மிடம் ஒப்படைப்பது அமானிதம். அப்பிள்ளை வாய்திறந்து சொல்லும் சொல்லும் அந்த அமானிதத்தில் சேர்ந்ததே.